ஜல்லோ: பெயர் இருக்கட்டும், உத்திக்குத்தான் சொல் வேண்டும்

> ஜல்லோ என்னும் இத்தாலியக் கொலைமர்மப் படவகைக்குத் தமிழில் என்ன பெயர்? இத்தாலிய மொழியில் ஜல்லோ என்றால் மஞ்சள். "மஞ்சள் படம்" என்றே சொல்லிவிடலாமே?

வேண்டாம் ஐயா. சொற்பொருள் சரிதான். 1929இல் மொண்டடோரி பதிப்பகம் துப்பறியும் கதைகளை மஞ்சள் அட்டையில் வெளியிடத் தொடங்கியது. அட்டையின் நிறமே அந்தக் கதைவகைக்குப் பெயராயிற்று. ஆனால் தமிழில் மஞ்சள் பத்திரிகை என்றால் அவதூறு, நீலப்படம் என்றால் ஆபாசம். "மஞ்சள் படம்" என்று மதிப்புரையில் எழுதினால் வாசகர் வேறெதையோ நினைத்துக்கொள்வார்.

"துப்பறியும் படம்" என்பதும் ஒட்டாது. இத்தாலியருக்கு எந்தத் துப்பறியும் கதையும் ஜல்லோதான். வெளியுலகம் அப்பெயரால் குறிப்பதோ, இயக்குநர் மரியோ பாவாவின் 1964ஆம் ஆண்டுப் படத்தை அடியொற்றி வந்த கறுப்புக் கையுறை, பளபளக்கும் கத்தி, முகம் காட்டாத கொலையாளி வகையை. அங்கே துப்புத் துலக்குபவர் பெரும்பாலும் போலீஸ்காரர் அல்லர். தற்செயலாக எதையோ பார்த்துவிட்ட எழுத்தாளரோ இசைக்கலைஞரோதான். ஆகவே ஜல்லோ என்றே வைத்துக்கொள்வோம். "ஜியால்லோ" வேண்டாம், அந்த இகரத்துக்குத் தனி ஒலி கிடையாது. இத்தாலியப் பன்மையான "ஜல்லி"யும் வேண்டாம். நமக்கு அது கருங்கல் ஜல்லி. "ஜல்லோ படங்கள்" போதும்.

உண்மையில் சொல் இல்லாமல் தவிப்பது வேறோர் இடத்தில். டாரியோ அர்ஜென்டோவின் 'ப்ரொஃபோந்தோ ரோஸ்ஸோ'வில் (1975) பியானோ கலைஞர் கொலை நடந்த வீட்டுக்குள் ஓடுகிறார். ஓவியங்கள் தொங்கும் நடைவழியைக் கடக்கிறார். பிறகு, அங்கிருந்த ஓர் ஓவியத்தைக் காணோம் என்ற உறுத்தல் அவரை விடுவதில்லை. அவர் கண்டதை நாமும் அதே நொடியில் கண்டிருக்கிறோம். இயக்குநர் எதையும் ஒளிக்கவில்லை. 1970இல் வந்த அவருடைய முதல் படத்திலும் இதே கட்டுமானம்தான்: இரண்டு கண்ணாடிக் கதவுகளுக்கு நடுவே சிக்கிய எழுத்தாளர், கண்முன் நடப்பதைத் தவறாகப் பொருள்கொள்கிறார். இந்த உத்திக்கு என்ன பெயர்?

> காட்சிப்பிழை?

காட்சியில் பிழை இல்லையே, பொருள் கொண்டதில்தானே பிழை! "பிறழ்சாட்சி"யை நீதிமன்றச் செய்திகள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டன. என் பரிந்துரை: நழுவுதடயம். கண்ணில் பட்டு, கருத்தில் நிற்காமல் நழுவும் தடயம். முடிவை உடைக்காமல் மதிப்புரை எழுதவும் இது உதவும்: "நழுவுதடயம் நடைவழிக் காட்சியில் இருக்கிறது" என்றால் எங்கே பார்க்கவேண்டும் என்று தெரியும், எதை என்று தெரியாது.

பிரதியைச் சரிபார்க்காமல் இச்சொல்லைப் பயன்படுத்த வேண்டாம். 'ப்ரொஃபோந்தோ ரோஸ்ஸோ'வின் அகல-உயர விகிதம் 2.35:1; பழைய தொலைக்காட்சிக்காக 4:3 ஆக வெட்டிய பிரதியில் ஓரங்கள் போய்விடும், தடயமும் போகலாம். வெளிநாட்டுக்குக் குறைத்த பிரதி இத்தாலியப் பிரதியைவிடச் சுமார் 20 நிமிடம் சிறியது. மணல்மணலாகத் தெரிவதைப் பிரதியின் குறை என்று எழுதிவிடாதீர்கள். இப்படம் எடுக்கப்பட்ட டெக்னிஸ்கோப் முறையில் ஒரு சட்டகத்துக்கு, ஃபிலிம் ஓரத்துத் துளைகளில் 4 துளைக்குப் பதில் 2 துளை உயரம்தான். ஃபிலிம் பாதி மிச்சம். சிறிய சட்டகத்தைப் பெரிதாக்குவதால் மணல் கூடும். இதை "இருதுளைச் சட்டகம்" எனலாம்.

எழுத்துக்கூட்டில் ஒரு கவனம்: நழுவுதடயம் வினைத்தொகை. நடுவில் ஒற்று மிகாது.