இரு போர்களுக்கு நடுவில் இங்கிலாந்து கிராமப்புறக் கவுண்டி தேர்தல்: "போட்டியின்றி" வந்த இடங்களை என்ன செய்வது?

பென்னாகரம்_வரலாறு:
எல்லாருக்கும் வணக்கம். எம்.ஏ. ஆய்வேட்டுக்கு 1919 முதல் 1939 வரை நடந்த உள்ளாட்சித் தேர்தல்களை ஒப்பிடுறேன். ஒரு பக்கம் சேலம் ஜில்லா போர்டு (தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போ அதுக்குள்ளதான்), இன்னொரு பக்கம் இங்கிலாந்தின் நார்ஃபோக் கவுண்டி (நம்ம ஜில்லா மாதிரி). மூணு இடத்தில் முட்டிக்கிட்டு நிக்குது. தொகுதி எண்ணிக்கையை விட கவுன்சில் உறுப்பினர்கள் ஏன் அதிகமா இருக்காங்க? ஓட்டு யாருக்கு இருந்தது? "போட்டியின்றித் தேர்வு" என்று வரும் இடங்களை அட்டவணையிலிருந்து எடுத்துடலாமா?

ஊத்தங்கரை_ஆசிரியர்:
எடுக்கவே கூடாதும்மா. காரணத்தைக் கீழே வேற யாராவது சொல்லுவாங்க. நான் எண்ணிக்கையைச் சொல்றேன்.

கவுண்டி கவுன்சில்கள் 1888 சட்டத்தில் உருவானவை. மூணு வருஷத்துக்கு ஒருமுறை மார்ச் மாதம் எல்லாத் தொகுதிக்கும் ஒரே நேரத்தில் தேர்தல், தொகுதிக்கு ஒருத்தர். உங்க காலகட்டத்தில் வரும் பொதுத்தேர்தல்கள் 1919, 1922, 1925, 1928, 1931, 1934, 1937. இதில் 1919ஐத் தனியா வையுங்க. அதுக்கு முந்தின தேர்தல் 1913. 1916இல் நடக்க வேண்டியது போரால் தள்ளிப்போச்சு. நடுவில் காலியான இடங்களைக் கவுன்சிலே நிரப்பிக்கிட்டது. அதனால் "பதவியில் இருந்தவர்" என்ற பட்டம் அந்த வருஷம் மட்டும் மக்கள் ஓட்டில் வந்தவர் என்று அர்த்தமாகாது.

கூடுதல் ஆட்கள் ஆல்டர்மன்கள். தொகுதி உறுப்பினர் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கு. அவர்களை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, தொகுதி உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பாங்க. பதவிக்காலம் ஆறு வருஷம், மூணு வருஷத்துக்கு ஒருமுறை பாதிப்பேர் விலகணும். 60 தொகுதி என்று வையுங்க: ஆல்டர்மன் 20, மொத்தம் 80, பெரும்பான்மைக்கு 41. ஒரு அணி 31 தொகுதி ஜெயிச்சு, காலியான 10 ஆல்டர்மன் இடத்தையும் தன் ஆளுக்கே கொடுத்தா 41. எதிரணிக்கு 29, அதோட விலகாத 10 பழைய ஆல்டர்மன், ஆக 39. நூலிழைதான். தொகுதி முடிவை மட்டும் பார்த்து "ஆட்சி மாறியது" என்று எழுதினா இதனால்தான் தப்பா போகும்.

இன்னொரு பொறி இருக்கு. ஜெயிச்ச உறுப்பினரையே ஆல்டர்மன் ஆக்கினா அவர் தொகுதி காலியாகி இடைத்தேர்தல் வரும். மார்ச் முடிவில் ஒருமுறை, ஆல்டர்மன் பட்டியலில் ஒருமுறை என்று ஒரே பெயர் ரெண்டு தடவை ஏறிடும். பெயர் வாரியா சரிபாருங்க.

நார்ஃபோக்கில் நாரிச், கிரேட் யார்மவுத் ரெண்டும் கவுண்டி பரோ, அதாவது தன் நிர்வாகத்தைத் தானே பார்த்துக்கிட்ட நகரம். வரைபடத்தில் உள்ளே தெரியும், ஆனா கவுண்டி கவுன்சிலுக்கு அங்கே அதிகாரம் கிடையாது. அவங்க தேர்தல் வருஷாவருஷம் நவம்பரில். அதைக் கலந்துடாதீங்க. வேற கவுண்டிக்குப் போனாலும் கவனம்: லிங்கன்ஷயரில் ஹாலண்ட், கெஸ்டீவன், லிண்ட்சி என்று மூணு தனித்தனிக் கவுன்சில்.

காவேரிப்பட்டினம்_சுவடி:
ஓட்டுரிமை பத்தி. 1918 சட்டப்படி 21 வயசு ஆண், வீடோ நிலமோ சொந்தமாகவோ வாடகைக்கோ ஆறு மாதம் வைத்திருந்தால் உள்ளாட்சி ஓட்டு உண்டு. பெண்ணுக்குத் தன் பேரில் வீடோ நிலமோ இருந்தால் 21, ஓட்டுரிமை உள்ளவரின் மனைவி என்ற வழியில் வந்தால் 30. அந்த 30ஐ 1928 சட்டம் 21 ஆக்கியது.

பலர் சறுக்குவது இங்கேதான்: நாடாளுமன்ற ஓட்டும் உள்ளாட்சி ஓட்டும் ஒன்றில்லை. அப்பா வீட்டில் இருக்கும் 25 வயசு மகனுக்கு எம்.பி. தேர்தலில் ஓட்டு உண்டு, கவுண்டிக்குக் கிடையாது. பண்ணை வீட்டுக்குள்ளேயே தங்கி வேலை செய்பவருக்கும் அப்படித்தான். பண்ணைக்காரர் கொடுத்த தனிக் குடிசையில் இருந்த தொழிலாளிக்கு ரெண்டும் உண்டு. வாக்காளர் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் குறி இருக்கும்: ஆர் என்றால் குடியிருப்பு, ஓ என்றால் அனுபோகம் (வீடோ நிலமோ வைத்திருப்பது), ஹெச்ஓ என்றால் கணவரின் அனுபோகம். உள்ளாட்சிக் கட்டத்தில் குறி உள்ளவர்களை மட்டும் எண்ணுங்க. மொத்தப் பட்டியலை வகுத்தா வாக்கு சதவீதம் உண்மையை விடக் குறைவா வந்து நிக்கும்.

பென்னாகரம்_வரலாறு:
ரொம்ப நன்றிங்க. பேரிஷ் கவுன்சிலில் (கவுண்டிக்குக் கீழே கிராம அளவில் இருக்கும் மன்றம்) பதிவான ஓட்டு, ஊர் வாக்காளர் எண்ணிக்கையை விட அதிகமா வருது. அச்சுப் பிழையா?

அரூர்_தறி:
பிழை இல்லை. பேரிஷில் எத்தனை இடமோ ஒருத்தருக்கு அத்தனை ஓட்டு, ஒரு வேட்பாளருக்கு ஒன்று. ஏழு இடம், 80 பேர் என்றால் 560 ஓட்டு வரைக்கும் விழலாம். எத்தனை பேர் வந்தாங்க என்று தனியா எழுதியிருந்தால் ஒழிய சதவீதம் போடாதீங்க.

உங்க மூணாவது கேள்விக்கும் பதில் பேரிஷில்தான் தொடங்குது. 1894 சட்டம் 300 பேரோ அதுக்கு மேலோ உள்ள கிராமப் பேரிஷுக்கு ஒரு கவுன்சில் கொடுத்தது. தேர்தல் மாலைக் கூட்டத்தில், கை தூக்கி. ஓட்டுப்பெட்டி கேட்டால்தான் ரகசிய வாக்கெடுப்பு. கூலி கொடுக்கிறவர் எதிரே உட்கார்ந்திருக்கார், குடியிருக்கும் வீடும் அவருடையது. வேலை போனால் வீடும் போகும். அங்கே யார் கை தூக்குவாங்க? கவுண்டி தேர்தலில் 1872 சட்டப்படி ரகசிய ஓட்டு உண்டு, ஆனா வேட்பாளராக நிற்பது ரகசியம் இல்லையே. அதோட சம்பளம் கிடையாது, கூட்டம் பகல் வேளையில், அதுவும் கவுண்டித் தலைநகரில். நாள் கூலிக்காரர் எப்படிப் போவார்? அதனால்தான் நிலக்கிழார், பெரிய விவசாயி, பாதிரியார் இவங்களே திரும்பத் திரும்ப எதிர்ப்பில்லாமல் வந்தாங்க. "போட்டியின்றி" என்றால் ஊர் சம்மதம் என்று தயவுசெய்து எழுதாதீங்க. நம்ம பக்கம் ஊர் கூடிப் பேசி ஒருத்தரை நிறுத்துற இடத்திலும் யார் பேசாமல் இருந்தாங்க என்றுதானே பார்க்கணும்.

தொழிற்சங்கம் பலமா இருந்த இடத்தில் படம் வேற. சுரங்கக் கவுண்டியான டர்ஹம் 1919இல் தொழிற்கட்சி கைக்கு வந்தது, 1922இல் போச்சு, 1925இல் திரும்ப வந்தது. நார்ஃபோக்கில் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் ஜார்ஜ் எட்வர்ட்ஸ் கவுண்டி கவுன்சிலிலும் இருந்தார், 1920 இடைத்தேர்தலில் தெற்கு நார்ஃபோக் எம்.பி.யும் ஆனார். "சுயேச்சை" என்று போட்டிருப்பதைக் கட்சி சார்பற்றவர் என்று எடுத்துக்காதீங்க. கிராமக் கவுண்டிகளில் பழமைவாதிகள் பெரும்பாலும் கட்சிப் பெயர் போடாமல்தான் நின்றாங்க.

ஊத்தங்கரை_ஆசிரியர்:
அரூர் சொன்னதோட ஒன்று சேர்க்கிறேன். 1929 சட்டத்தை நடுக்கோடாக வையுங்க. 1930 ஏப்ரல் 1 முதல் ஏழைகள் நலக் காப்பாளர் குழுக்கள் இல்லை, அந்த வேலையும் கிராமச் சாலைகளும் கவுண்டிக்குப் போச்சு. விவசாய நிலத்துக்கு உள்ளூர் வரியும் முழுசா நீங்கியது. 1928 வரை மேடையில் பேசிய வரிப் பிரச்சினை 1931இல் அப்படியே இருக்காது.

காவேரிப்பட்டினம்_சுவடி:
சேலம் பக்கத்துக்கு: "தர்மபுரி மாவட்டம்" என்று தேடினா ஒன்றும் கிடைக்காது. அது பிறந்தது 1965 அக்டோபர் 2இல், கிருஷ்ணகிரி மாவட்டம் 2004இல். சேலம் ஜில்லா என்று எடுத்து, உள்ளே தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் தாலுகாக்களைப் பாருங்க. 1920 மெட்ராஸ் உள்ளாட்சிச் சட்டத்திலும் 1930 திருத்தத்திலும் விதிகள் வேற வேற, 1934இல் தாலுகா போர்டுகளே கலைக்கப்பட்டன. 1930க்கு முன்னால் நியமன உறுப்பினர்கள் உண்டு. அவங்களை ஆல்டர்மனோட ஒப்பிடத் தோணும், வேண்டாம். ஆல்டர்மனைத் தேர்ந்தெடுத்தது மக்கள் ஓட்டில் வந்த உறுப்பினர்கள், இங்கே நியமித்தது அரசாங்கம்.

அட்டவணையில் தொகுதிக்கு ஏழு கட்டம் போடுங்க: வருஷம், தொகுதி, வேட்பாளர், செய்தித்தாள் போட்ட அடையாளம், ஓட்டு, போட்டி உண்டா, பிறகு ஆல்டர்மன் ஆனாரா. போட்டியில்லாத இடத்தில் ஓட்டுக் கட்டத்தைக் காலியா விடுங்க, பூஜ்யம் போட்டா கூட்டலில் சராசரி கெட்டுப்போகும்.