இரண்டாம் ஆண்டு பேத்தாலஜி: பெரிய ராபின்ஸா, சின்ன ராபின்ஸா, ஹர்ஷ் மோகனா?

கேள்வி – புதுக்கண்ணாடி

எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு. பேத்தாலஜி, மைக்ரோ, பார்மா மூன்றும் ஒன்றாக ஓடுகின்றன. பேத்தாலஜிக்கு எந்தப் புத்தகம் என்று கேட்டால் சீனியர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பெரிய ராபின்ஸின் பழைய பதிப்பு பாதி விலைக்குக் கிடைக்கிறது, வாங்கலாமா? படித்தது பத்து நாளில் மறந்துபோகாமல் இருக்க என்ன வழி? மைக்ரோஸ்கோப்பில் எல்லா ஸ்லைடும் ஒரே பிங்க்காகத் தெரிகிறது. அதற்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பதில் – பாரஃபின்_பிளாக்

மெயின் புத்தகம் ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு வைத்திருப்பவர்களின் புத்தகங்களைத் திறந்து பாருங்கள், இரண்டிலும் முதல் மூன்று சாப்டரில் மட்டும்தான் அடிக்கோடு இருக்கும்.

பெரிய ராபின்ஸில், அதாவது பேத்தலாஜிக் பேசிஸ் ஆஃப் டிசீஸில், 29 சாப்டர். முதல் பத்து ஜெனரல் பேத்தாலஜி (எல்லா நோய்க்கும் பொதுவானது), மீதி சிஸ்டமிக் (உறுப்புவாரியாக). அதை அட்டை முதல் அட்டை வரை படிக்க இரண்டாம் ஆண்டில் நேரம் கிடையாது. தினசரி வாசிப்புக்குச் சின்ன ராபின்ஸ், அதாவது பேசிக் பேத்தாலஜி போதும். ஆனால் செல் இஞ்சுரி, இன்ஃப்ளமேஷன், ஹீமோடைனமிக்ஸ், இம்யூனிட்டி, நியோபிளேசியா என்ற ஐந்தையும், சிஸ்டமிக்கில் கிட்னியையும் லைப்ரரி பிரதியிலாவது பெரிய ராபின்ஸில் படியுங்கள். சின்னதில் இவை சுருங்கியிருப்பதால் 'ஏன்' என்பதற்கான பதில் சில இடங்களில் ஒற்றை வரியாகிவிடும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்பது அந்த 'ஏன்'தான்.

பழைய பதிப்பைப் பொறுத்தவரை, ஜெனரல் பேத்தாலஜிக்கு ஒரு பதிப்பு பழசாக இருந்தால் பெரிய நஷ்டம் இல்லை. மாறுவது ட்யூமர் வகைப்பாடுதான். நுரையீரலில் 'பிராங்கியோலோஆல்வியோலார் கார்சினோமா' என்ற பெயர் 2011-லேயே கைவிடப்பட்டது, 3 செ.மீ.க்கு மிகாமல், ஊடுருவல் இல்லாமல், ஆல்வியோலார் சுவரை ஒட்டி மட்டும் வளர்ந்தால் இப்போது அடினோகார்சினோமா இன் சிட்டு. அதற்கு முன் அச்சான பதிப்பை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். மூளைக் கட்டிகளில் 2021 உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டுக்குப் பிறகு ஐ.டி.எச். என்ற ஜீனில் மியூட்டேஷன் இருந்தால் பெரியவர்களில் அதை கிளியோபிளாஸ்டோமா என்று சொல்வதில்லை, 'ஆஸ்ட்ரோசைட்டோமா, ஐ.டி.எச். மியூட்டன்ட், கிரேடு 4' என்று எழுத வேண்டும். ராபின்ஸ் பத்தாம் பதிப்பு 2020-இல் வந்தது, எனவே அந்தப் பதிப்பை வைத்திருப்பவரும் இதைக் கையால் திருத்திக்கொள்ள வேண்டியதுதான்.

பதில் – ஸ்பாட்டர்_ராஜா

மேலே சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். ஹர்ஷ் மோகன் எழுதிய இந்தியப் பாடநூலை மட்டம்தட்டுவது காலேஜில் ஒரு ஃபேஷன். நம் யுனிவர்சிட்டி பேப்பரில் லெப்ரசி, ப்ளட் பேங்கிங், யூரின் பரிசோதனை எல்லாம் வரும். அமெரிக்கப் புத்தகத்தில் லெப்ரசிக்குக் கிடைப்பது சின்ன இடம்தான், டிரான்ஸ்ஃபியூஷன் நடைமுறை ஏறக்குறைய இல்லை. அந்த இடங்களுக்கு ஹர்ஷ் மோகனோ வேறு இந்திய நூலோ இல்லாமல் முடியாது. மெயினாக வைக்காவிட்டாலும் பக்கத்தில் இருக்கட்டும்.

பேத்தோமா என்ற ஆன்லைன் பேத்தாலஜி வகுப்பின் வீடியோக்கள் மொத்தம் சுமார் 35 மணி நேரம். சாப்டரைத் தொடும் முன் அதற்குரிய பகுதியைப் பார்த்துவிட்டால் புத்தகம் பாதி நேரத்தில் நகரும். அதை மட்டும் வைத்து எஸ்ஸே எழுதப் போனால் மார்ஃபாலஜியில் (நோயால் திசுவின் தோற்றம் மாறும் விதம்) நாலு வரிக்கு மேல் பேனா நகராது. அது ஆப்ஜெக்டிவ் கேள்விகளை மனதில் வைத்துச் செய்தது.

எஸ்ஸேயின் எலும்புக்கூடு எப்போதும் ஒன்றே: டெஃபனிஷன், எட்டியாலஜி, பேத்தோஜெனிசிஸ், மார்ஃபாலஜி, கிளினிக்கல் ஃபீச்சர்ஸ், லேப் டயக்னோசிஸ், காம்ப்ளிகேஷன்ஸ். பேத்தோஜெனிசிஸை ஃப்ளோசார்ட்டாகப் போடுங்கள். மார்ஃபாலஜியில் கிராஸ் (வெறும் கண்ணுக்குத் தெரிவது), மைக்ரோஸ்கோபி என்று இரண்டு தலைப்பு கட்டாயம். கிட்னி கேள்வி வந்தால் லைட் மைக்ரோஸ்கோபி, இம்யூனோஃப்ளூரசன்ஸ், எலக்ட்ரான் மைக்ரோஸ்கோபி என்று மூன்றாகப் பிரியும். ஸ்ட்ரெப்டோகாக்கல் தொற்றுக்குப் பின் வரும் குளோமெருலோநெஃப்ரைட்டிஸ் என்றால் முறையே ஹைபர்செல்லுலாரிட்டி, கிரான்யுலர் ஐ.ஜி.ஜி.–சி3, சப்எப்பிதீலியல் ஹம்ப்ஸ். மெம்ப்ரனஸும் சப்எப்பிதீலியல் டெபாசிட்தான், ஆனால் சில்வர் ஸ்டெயினில் ஸ்பைக் தெரியும், நெஃப்ராட்டிக்காக (சிறுநீரில் புரதம் ஏராளமாகப் போய்) வரும். இந்த இரண்டையும் குழப்பி எழுதுவதுதான் அடிக்கடி நடக்கும்.

படம் போடாத மைக்ரோஸ்கோபிக்கு மார்க் ஏறாது. பிங்க், நீலம் இரண்டு கலர் பென்சில் போதும். நியூக்ளியஸ் நீலம், சைட்டோபிளாசம் பிங்க். லேபிளை ஒரே பக்கத்தில், கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல்.

பதில் – மறதிக்காரன்

மறதிக்குக் காரணம் திரும்பத் திரும்ப வாசிப்பதுதான். பக்கம் பழகிப்போவதை 'தெரிகிறது' என்று மூளை எடுத்துக்கொள்கிறது. சாப்டர் முடிந்த அன்றிரவு புத்தகத்தை மூடி வெள்ளைத்தாளில் எழுதிப் பாருங்கள், பிறகு 3-ஆம் நாள், 10-ஆம் நாள், ஒரு மாதம் கழித்து. எழுத வராத இடத்தை மட்டும் புத்தகத்தில் பார்த்தால் போதும்.

மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன் (மாரடைப்பு) டைம்லைனை எடுத்துக்கொள்ளுங்கள். மனப்பாடம் செய்தால் எண்கள் கலந்துவிடும். எந்த செல் எப்போது வருகிறது என்ற கதையாகப் பிடித்தால் நிற்கும். 4 முதல் 12 மணி நேரத்தில் கோயாகுலேட்டிவ் நெக்ரோசிஸ் (தசை செத்துப்போவது) தொடங்கும். 1 முதல் 3 நாள் நியூட்ரோஃபில் ஆட்சி. 3 முதல் 7 நாள் மேக்ரோஃபேஜ் வந்து செத்த தசையைத் தின்னும். தசையும் போய், கொலாஜனும் இன்னும் வராத நேரம் இது, அதனால்தான் சுவர் கிழியும் அபாயம் இந்த நாட்களில் அதிகம். அப்புறம் கிரானுலேஷன் திசு, 2 மாதம் தாண்டினால் முழுத் தழும்பு. காம்ப்ளிகேஷனைத் தனியாகப் படிக்கவே வேண்டாம், டைம்லைனிலிருந்தே வந்துவிடும்.

ஆங்கி என்ற ஃப்ளாஷ்கார்டு ஆப்பில் கார்டு போடுபவர்கள் ஒரு கார்டுக்கு ஒரே விஷயம் வையுங்கள். 'சிரோசிஸ் காம்ப்ளிகேஷன்கள் என்ன?' என்று எட்டுப் பதில் உள்ள கார்டு எப்போதும் பாதிதான் நினைவுக்கு வரும், கடைசியில் 'ஈஸி' அமுக்கி ஏமாற்றிக்கொள்வோம். பிறர் செய்த டெக்கை அப்படியே இறக்கினால் ஒரு வாரத்தில் ரிவ்யூ மலைபோல் குவியும். அன்று படித்த சாப்டர் கார்டுகளை மட்டும் அன்லாக் செய்யுங்கள்.

கேள்வி கேட்டவர் – புதுக்கண்ணாடி

ரொம்ப நன்றி. ஸ்லைடு பற்றி யாராவது?

பதில் – ஆயில்_இமர்ஷன்

பிங்க்காகத் தெரிவதற்கு முதல் காரணம், எடுத்தவுடன் 40 எக்ஸ் லென்ஸுக்குப் போவது. ஸ்லைடை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து வெறும் கண்ணால் பாருங்கள். திசு கெட்டியாக இருக்கிறதா, ஓட்டை ஓட்டையாக இருக்கிறதா என்பது அங்கேயே தெரியும். பிறகு 4 எக்ஸ் ஸ்கேனர். இது எந்த உறுப்பு என்று சொல்லாமல் 10-க்குப் போகக் கூடாது. உறுப்பு தெரிந்தால் அந்த உறுப்பில் உங்கள் காலேஜ் பெட்டியில் இருக்கும் ஸ்லைடுகள் மூன்றோ நாலோதான், பாதி வேலை முடிந்தது. 40 எக்ஸ் உறுதிசெய்ய மட்டும்.

40-இல் எவ்வளவு திருகியும் ஃபோகஸ் ஆகவில்லையா? ஸ்லைடு தலைகீழாக இருக்கும், கவர்ஸ்லிப் மேல்பக்கம் வர வேண்டும். முன்னால் உட்கார்ந்தவர் 40 எக்ஸ் லென்ஸில் ஆயிலை அப்பியிருந்தாலும் மங்கும். லென்ஸ் பேப்பரால் துடைத்துவிட்டுப் பாருங்கள், கர்சீஃபால் தேய்க்காதீர்கள்.

ஒவ்வொரு ஸ்லைடுக்கும் மூன்று பாயின்ட் எழுதும் பழக்கம் வேண்டும். டி.பி. லிம்ஃப் நோடு: கேசியேஷன் (பாலாடைக்கட்டி போல் செத்த திசு), எப்பிதீலியாய்டு செல்கள், லாங்ஹான்ஸ் ஜெயன்ட் செல். அந்த ஜெயன்ட் செல்லில் நியூக்ளியஸ்கள் குதிரைலாடம் மாதிரி ஓரத்தில் இருக்கும், ஃபாரின் பாடி வகையில் தாறுமாறாக. தைராய்டு என்று தெரிந்ததும் பாப்பில்லாவை (விரல் போன்ற நீட்சியை) தேடி ஏமாற வேண்டாம். காய்ட்டரிலும் (தைராய்டு வீக்கம்) பாப்பில்லரி மடிப்பு வரும். பாப்பில்லரி கார்சினோமாவை முடிவுசெய்வது நியூக்ளியஸ்தான்: உள்ளே வெளுத்துத் தெளிவாக, பள்ளக்கோடோடு, ஒன்றன்மேல் ஒன்று ஏறி.

ரத்த ஸ்மியர் போடும்போது ஸ்ப்ரெடர் ஸ்லைடை 30 முதல் 45 டிகிரியில் பிடியுங்கள். கோணம் ஏற ஏறத் தடிப்பாகி வாலே வராது. லீஷ்மன் ஸ்டெயினைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றி 2 நிமிடம் விடுங்கள், அதிலுள்ள மெத்தனால் செல்லை ஃபிக்ஸ் செய்யும் நேரம் அது. பிறகு அதைப்போல் இரண்டு மடங்கு பஃபர், பி.எச். 6.8, ஊதிக் கலந்து 7 முதல் 10 நிமிடம். ஸ்மியர் முழுக்க நீலமாக வந்தால் பஃபர் ஆல்கலைன், அல்லது கழுவியது போதவில்லை. முழுக்கச் சிவந்திருந்தால் அமிலம் அதிகம். ஸ்டெயினை முதலில் கவிழ்த்துவிட்டுக் கழுவுபவர்கள் ஸ்மியர் முழுக்க அழுக்குப் படிவு வாங்கிக்கொள்வார்கள். ஸ்லைடில் ஸ்டெயின் இருக்கும்போதே தண்ணீரை ஓடவிட்டு மிதந்து வெளியேறச் செய்யுங்கள்.

பதில் – பாரஃபின்_பிளாக்

ஹீமட்டாலஜி சார்ட் (ரத்தப் பரிசோதனை எண்களைக் கொடுத்து நோயைக் கேட்பது) பற்றி விட்டுப்போனது. ஹீமோகுளோபினுக்கு அடுத்துக் கண் போக வேண்டியது எம்.சி.வி., அதாவது சிவப்பணுவின் சராசரி அளவு. 80-க்குக் கீழ் என்றால் மைக்ரோசிட்டிக் (சிறிய அணு). இரும்புச்சத்துக் குறைவா, தலசீமியா டிரெய்ட்டா (பரம்பரையாக வரும் ஹீமோகுளோபின் குறைபாட்டின் லேசான வடிவம்) என்று சந்தேகம் வந்தால் எம்.சி.வி.யை ஆர்.பி.சி. எண்ணிக்கையால் வகுங்கள். எம்.சி.வி. 65, ஆர்.பி.சி. மில்லியனில் 5.6 என்றால் 11.6. 13-க்குக் கீழ் தலசீமியா பக்கம், மேல் இரும்புக் குறைவு பக்கம். இது மென்ட்சர் இன்டெக்ஸ், வழிகாட்ட மட்டும். சார்ட்டில் முடிவை எழுதும்போது அடுத்த வரியில் ஃபெரிட்டினும் (இரும்புச் சேமிப்பைக் காட்டுவது) ஹீமோகுளோபின் எலக்ட்ரோஃபோரெசிசும் கேளுங்கள். ஹெச்.பி. ஏ2 என்ற ஹீமோகுளோபின் வகை 3.5 சதவீதத்தைத் தாண்டினால் பீட்டா தலசீமியா டிரெய்ட். இரும்புக் குறைவும் கூடவே இருந்தால் அந்த ஏ2 அளவு குறைவாகக் காட்டக்கூடும் என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.