பவர் பிஐ: அரிசி விகிதம் 140% காட்டுகிறது

சம்மாந்துறையில் நெல் மில். கணக்கு அறிக்கைகளை மைக்ரோசொப்டின் பவர் பிஐ மென்பொருளில் எடுக்கிறோம். கொள்வனவு, அரிசி வெளியீடு என இரண்டு எக்செல் கோப்புகள். பெரும்போக நெல்லைப் பெரும்பாலும் பெப்ரவரி, மார்ச்சில் வாங்கி ஜூன் வரை குத்துகிறோம். அரிசி விகிதமோ அந்த மாத அரிசியை அந்த மாதம் வாங்கிய நெல்லால் வகுத்து வருகிறது. அதனால் மாதவாரி அறிக்கையில் மார்ச்சுக்கு 20%, மே மாதத்துக்கு 140%. உண்மையில் 100 கிலோ நெல்லுக்கு 65 கிலோவைச் சுற்றித்தான் அரிசி வரும். யாருடைய நெல்லைத் திரும்ப வாங்குவது என்ற முடிவே இந்த எண்ணில்தான் நிற்கிறது.

திகதி அட்டவணை தனியாகப் போட்டு இரண்டோடும் இணைத்தாயிற்று. நெல் நிறையை 14% ஈரப்பதத்துக்குத் திருத்தியாயிற்று. தொடர் கூட்டுத்தொகையில் போக மொத்தம் சரியாக வருகிறது, விவசாயிவாரியாகப் பிரியவில்லை. காரணம் ஊறல் தொட்டி: மூன்று பேரின் நெல் ஒன்றாக விழுகிறது, ஒவ்வொருவரின் நெல்லுக்கும் கொடுத்த லொட் இலக்கம் அங்கேயே அறுந்துவிடுகிறது.

தொட்டிக்கு ஓர் இலக்கம் கொடுத்து, உள்ளே போன நிறை விகிதப்படி அரிசியைப் பிரிக்கும் இணைப்பு அட்டவணையை பவர் குவெரியில் (பவர் பிஐயில் தரவைச் சீர்படுத்தும் பகுதி) எப்படி அமைப்பது?