ஈசி சேர் துணி ஒரே இடத்தில் கிழிகிறது, பல்லும் தேய்ந்துவிட்டது

வெண்ணாற்றங்கரை:
தாத்தா காலத்துத் தேக்கு ஈசி சேர். இப்போ அப்பாவோட சிம்மாசனம், அவருக்கு வயசு 79. இரண்டு வருஷத்துல மூணு துணி மாத்திட்டேன். மூணும் துணியைக் கோத்திருக்கிற கீழ்க்கட்டைகிட்டயே கிழிஞ்சுது. போன வாரம் காபி டம்ளரோட தரையில உட்கார்ந்துட்டார். அடி ஒண்ணுமில்லை, ஆனா அன்னைக்கு முழுக்க என்கிட்ட பேசலை. சாய்மானத்தை ஏத்தி இறக்கி நிறுத்த வெட்டியிருக்கிற பல்லுல ஒண்ணு வேற தேய்ஞ்சு நழுவுது. ஆசாரி ஒருத்தர் மரத்தூளும் ஃபெவிகாலும் குழைச்சு அடைச்சார், இரண்டே நாள்ல பொலபொலன்னு கொட்டிடுச்சு.

மன்னார்குடி மைனர்:
பேசாம ஒயர் பின்னிடுங்க.

வெண்ணாற்றங்கரை:
அப்பா ஒத்துக்க மாட்டார் அண்ணே. முதுகுல வரி வரியா பதியுமாம்.

தறிவீட்டுப் பிள்ளை:
தம்பி, நான் திருபுவனம். துணியைக் குறை சொல்றதுக்கு முன்னாடி கட்டையை உருவி விரலால தடவிப் பாருங்க. சிலாம்பு, விளிம்பு ஏதாவது தட்டுப்பட்டா உப்புத்தாள் போட்டுத் தேச்சு, மெழுகுவர்த்தியைத் தடவிடுங்க.

அடுத்தது, கித்தானை எப்படி வெட்டினாங்க? பாவு நூல், அதாவது நெசவுல நீளவாக்குல ஓடற நூல், தலையிலேர்ந்து கால் பக்கம் ஓடணும். துணி மிச்சம் பிடிக்கக் குறுக்கால வெட்டினா பாரம் முழுக்க ஊடை மேல, அதாவது குறுக்கு நூல் மேல விழும். கரை எந்தப் பக்கம் ஓடுதோ அதுதான் பாவு. தைக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை நனைச்சுக் காயவைங்க. பழைய துணியை அளவு வச்சு வெட்டாதீங்க, அது தொய்ஞ்சு நீண்டிருக்கும். கட்டை நுழையற மடிப்புக்கு இரட்டைத் துணி, நைலான் நூல், மூணு வரித் தையல். வீட்டு மெஷின்ல ஊசி ஒடியும். தார்ப்பாய் தைக்கிறவர்கிட்ட குடுங்க.

பல்லுக்கு மரத்தூள் நிக்காது. தேய்ஞ்ச இடத்தைச் சதுரமா வெட்டி எடுத்துட்டு, தேக்குத் துண்டு ஒட்டி, திருகாணி போட்டு, அதுலதான் புதுசா பல் வெட்டணும்.

கொள்ளிடம் அக்கா:
எங்க வீட்டுது பிரம்புச் சேர், பக்கத்துல தைக்கால்ங்கற ஊர்ல வாங்கினது. தொய்ஞ்சா அடிப்பக்கம் வெந்நீர்த் துணியால ஒத்தி நிழல்ல காயவைப்பேன், இறுகிடும். அறுந்துட்டா அது உதவாது, பின்னத்தான் வேணும்.

வெண்ணாற்றங்கரை:
கட்டையை உருவினேன். அடியில ஆணித்தலை ஒண்ணு துருத்திட்டு நிக்குது! மூணு துணிக்கும் காசு தண்டம். பல்லை இந்த ஐப்பசியிலேயே ஒட்டிடலாமா?

தறிவீட்டுப் பிள்ளை:
வேண்டாம். ஈரத்துல மரம் ஊதியிருக்கும், இப்ப ஒட்டினா வெயில் வந்ததும் விட்டுப்போகும். மாசி வரைக்கும் அந்தப் பல்லை விட்டுட்டு அடுத்ததுல சாய்ச்சு வைங்க.