விசுவாசப் பிரமாணத்தில் ஒரு ரோம அதிகாரி: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

திரியைத் தொடங்கியவர்:

வேதாகமத்தை வரலாற்றோடு சேர்த்து வாசிக்க நேர்ந்த தருணங்களை அன்பர்கள் இங்கே எழுத வேண்டுகிறேன். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சபையாரோடு எருசலேமுக்குச் சென்றிருந்தபோது, இஸ்ரேல் அருங்காட்சியகத்தில், இயேசுவின் காலத்தில் யூதேயாவை ஆண்ட ரோம அதிகாரி பிலாத்துவின் பெயர் பொறித்த கல்லைப் பார்த்தேன். 1961-இல் செசரியாவின் பழைய அரங்கத்தை அகழ்ந்த இத்தாலிய ஆய்வாளர்கள் கண்டெடுத்த சுண்ணாம்புக்கல் அது; பிற்காலத்தார் அதைப் படிக்கல்லாகப் போட்டு மிதித்திருக்கிறார்கள். இடப்பக்கம் சிதைந்திருந்தாலும், பிலாத்துவின் பெயரும் அதன் கீழே யூதேயாவின் பெயரும் இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன. ‘பொந்தியு பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டு’ என்று ஞாயிறுதோறும் நாம் அறிக்கையிடும் அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தில், இயேசுவைத் தவிர இரண்டே மனிதர்களின் பெயர்கள் வருகின்றன. ஒருவர் அவரைப் பெற்ற மரியாள். மற்றவர் அவருக்கு மரண தண்டனை விதித்த இந்த அதிகாரி. ‘முன்னொரு காலத்தில்’ என்று சொல்லி நகர்ந்துவிட முடியாதபடி, நம் விசுவாசம் தன்னை ஓர் ஆட்சிக்காலத்தோடு கட்டிவைத்திருக்கிறது.

உடன் வந்த பெரியவர் ஒருவர், “இனி வேதத்தை யார் கேள்வி கேட்க முடியும், தம்பி?” என்றார். அவருடைய மகிழ்ச்சி எனக்கும் இருந்தது. ஆனால், அந்தக் கல் பிலாத்து பதவியில் இருந்ததற்கு மட்டுமே சாட்சி. அவன் காலத்தில் கிறிஸ்து கொல்லப்பட்டதை, கிறிஸ்தவர்களைச் சற்றும் விரும்பாத ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸும் எழுதியிருக்கிறார். பவுலோ, 1 கொரிந்தியர் 15-இல், கிறிஸ்து மரித்தார் என்பதோடு நில்லாமல், “நமது பாவங்களுக்காக” என்ற சொற்களையும் சேர்த்தே சொல்கிறார். மரித்தார் என்பதை வரலாற்றாசிரியர் விசாரிக்கலாம்; நமக்காக என்பதற்கு எந்த அகழாய்விலும் கல் கிடைக்காது.

மறுமொழி, வேதபாட ஆசிரியர்:

ஐயா, எனக்கு நேர்ந்தது இதற்கு மறுபக்கம். கிறிஸ்துமஸ் காலத்தில் வாலிபர் வகுப்பில் லூக்கா 2-ஐ வாசித்தபோது, இயேசு பிறந்த சமயத்தில் நடந்ததாக அதில் வரும், சீரியாவின் ரோம ஆளுநர் சிரேனியுவின் குடிமதிப்பை (மக்கள் கணக்கெடுப்பை)ப் பற்றிக் கல்லூரி மாணவி ஒருவர் கேட்டார். முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸின் கணக்குப்படி அது கி.பி. 6-இல் நடந்தது, இயேசு பிறந்தபோது அரசாண்டதாக மத்தேயு கூறும் ஏரோதோ, பெரும்பாலான அறிஞர்களின் கணிப்பில் கி.மு. 4-இலேயே இறந்துவிட்டான். இதற்கு முன் வேறொரு குடிமதிப்பு நடந்திருக்கும் என்பது முதலாகச் சொல்லப்படும் விளக்கங்கள் எவையும் எனக்கு முழு நிறைவு தரவில்லை என்பதை வகுப்பிலேயே சொன்னேன். அதே லூக்கா அப்போஸ்தலர் 18-இல் குறிப்பிடும் கல்லியோன், கி.பி. 51-52 அளவில் கிரேக்கப் பகுதியான அகாயாவின் ரோம அதிபதியாக இருந்ததை, அங்குள்ள டெல்பியில் கிடைத்த கல்வெட்டு காட்டுகிறது என்பதையும், பவுலின் பயணங்களுக்கு ஆண்டு குறிப்பதே அதை வைத்துத்தான் என்பதையும் சேர்த்தே விளக்கினேன்.

“அப்படியானால் இந்தப் பகுதியை ஆராதனையில் ஏன் வாசிக்கிறோம், அண்ணா?” என்று அந்தத் தங்கை விடாமல் கேட்டார். உலகத்தையே எண்ணக் கட்டளையிட்ட பேரரசனின் காலத்தில், சத்திரத்தில் இடமில்லாத ஒரு குடும்பத்துக்குப் பிறந்த பிள்ளையை ஆண்டவர் என்று லூக்கா அறிக்கையிடுகிறார். ஆண்டுக் கணக்கில் பிழை இருந்தாலும் அந்த அறிக்கை கீழே விழுந்துவிடாது என்றேன். அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார், யோசிக்கட்டும்.

அடுத்து எங்கள் வகுப்பில், யோசுவாவின் தலைமையில் இஸ்ரவேலர் சுற்றிவந்தபோது எரிகோ நகரின் மதில் இடிந்து விழுந்ததாகச் சொல்லும் யோசுவா 6-ஆம் அதிகாரம் வருகிறது. 1950-களில் அங்கே அகழ்ந்த கேத்லீன் கென்யன், யோசுவாவுக்கு வழக்கமாகக் குறிக்கப்படும் காலத்துக்கு வெகு முன்பே அந்த நகரம் அழிந்துவிட்டது என்ற முடிவுக்கு வந்தார். அந்த அதிகாரத்தை நடத்தியவர்கள் பிள்ளைகளுக்கு எப்படி விளக்கினீர்கள் என்று எழுதினால் எனக்குப் பேருதவியாக இருக்கும்.