புள்ள நல்லாத்தானே இரிக்கு எண்டு எல்லாரும் சொல்றாங்க, எனக்கு மட்டும் ஏன் மனசு ஆறுதில்ல?

படுவான்கரை மகள்:

எல்லாருக்கும் வணக்கம். இத ஆருட்ட சொல்றது எண்டு தெரியாமத்தான் இஞ்ச எழுதுறன், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கொள்ளுங்க. எனக்கு புள்ள பிறந்து இப்ப 7 மாசம். மகள். நல்லா இரிக்கா, பிரண்டு தவழப் பாக்கிறா, சோறு மசிச்சுக் குடுத்தா வாயத் திறக்கிறா. ஆனா எனக்கு அந்த லேபர் ரூம் இன்னும் முடியல்ல. ராவையில பால் குடுத்துட்டுப் படுத்தா முதுகுக்குக் கீழ நனையுற மாதிரி இரிக்கும், ஒழும்பி லைட்டப் போட்டு பெட்ஷீட்டத் தடவிப் பாப்பன். ஒண்டும் இராது. திரும்பப் படுப்பன், நித்திரை வராது.

நடந்தது இதுதான். ஆஸ்பத்திரிட பேர் சொல்ல விரும்பல்ல. தேதி தாண்டி 6 நாள் ஆகிட்டு எண்டு வாட்டுல நிப்பாட்டி, நோ வாறதுக்கு சேலைன்ல மருந்து ஏத்தினாங்க. காலையில 9 மணிக்கு ஏத்தத் தொடங்கினது, ராவு பத்தே முக்காலுக்குத்தான் மகள் பிறந்தா. அவ்வளவு நேரமும் அம்மா வெளியில வாங்குல இருந்தா, உள்ள விடல்ல. நோ தாங்க ஏலாம சத்தம் போட்டா "கத்துற பெலத்த முக்கிறதுல காட்டுங்க" எண்டாங்க. ஒருத்தர் "கலியாணம் முடிக்கக்குள்ள இது தெரியல்லயா" எண்டும் கேட்டா. பக்கத்துக் கட்டில்ல இருந்த புள்ளைக்கும் அதே கதைதான். சரி, அதையெல்லாம் நான் மறந்திருப்பன் எண்டுதான் நினைக்கன், நோவுல கேக்கிற கதை தானே.

மறக்க ஏலாதது புள்ள பிறந்ததுக்குப் பிறகு நடந்தது. மகள என்ட நெஞ்சில வச்சாங்க, நச்சுக்கொடியும் வந்துட்டு, தையலும் போட்டாங்க, மறுகா எல்லாரும் மத்தக் கட்டிலுக்குப் போயிட்டாங்க, அங்க அவசரம். எனக்குக் கீழ சுடுதண்ணி ஊத்தின மாதிரி ஓடிக்கிட்டே இரிக்கு. "மிஸ், எனக்கு ரெத்தம் கூடுதலா ஓடுற மாதிரி இரிக்கு" எண்டன். "எல்லாருக்கும் ஓடும், சும்மா படுங்க" எண்டாங்க. கொஞ்சத்தால திரும்பச் சொன்னன். வந்து பேட்ட மேலால பாத்துட்டு ஒண்டும் இல்ல எண்டு போனாங்க. மூண்டாம் தரம் சொல்றதுக்கு எனக்கே வெக்கமா இருந்திச்சு, அதால கைய முதுகுக்குக் கீழ விட்டு எடுத்து மேல தூக்கிக் காட்டினன். அஞ்சு விரலும் சிவப்பு, முழங்கை வரைக்கும் வழியுது. மிஸ் அங்கால திரும்பி கொப்பி எழுதிக்கிட்டு இருந்தா. நான் கையத் தூக்கினபடியே இருந்தன், எவ்வளவு நேரம் எண்டு தெரியா. பிறகு கொட்டாவி கொட்டாவியா வந்திச்சு, குளிர், காது ரெண்டும் அடைச்சுட்டு, புள்ளைய ஆரும் எடுங்க விழுந்துரும் எண்டு சொல்ல நினைக்கன், வாய் வருதில்ல.

கடைசியா கண்டது ஒரு டொக்டரும் இல்ல, மிஸ்ஸும் இல்ல. தரை துடைக்க வந்த அக்கா. கட்டிலுக்குக் கீழ மொப்பப் போட்டவ, வாளிய அப்பிடியே விட்டுட்டு "மிஸ் ஓடி வாங்க, இந்தப் புள்ளைட கட்டிலால ஒழுகுது" எண்டு கத்தினா. அதுக்குப் பிறகு ஓட்டம்தான். வகுத்த அமத்தினாங்க, ஊசி போட்டாங்க, ரெண்டு கையிலயும் சேலைன், 3 பை ரெத்தம் ஏத்தினாங்க. அவங்கதான் என்ன காப்பாத்தினாங்க, அத நான் இல்லையெண்டு சொல்லல்ல. ஆனா துண்டு வெட்டி வீட்ட போற வரைக்கும் ஒருத்தராவது "நீங்க சொன்னீங்கதான், நாங்கதான் பாக்கல்ல" எண்டு சொல்லல்ல. "நல்ல காலம்" எண்டாங்க.

மாமி சொல்றா, தாயும் புள்ளையும் தப்பிட்டீங்க, மாமாங்கக் கோயிலுக்கு நேத்திய வச்சிட்டு கதைய விடு எண்டு. இவரும் புள்ள நல்லாத்தானே இரிக்கு எண்டுறார். நான் இத பெருசாக்குறனா? இப்ப போய் ஆருட்டயும் சொல்லி என்ன பிரயோசனம்? இன்னொரு புள்ள எண்டு கதை வந்தாலே கை நடுங்குது.


அக்கரைப்பற்று ராத்தா:

தங்கச்சி, நீங்க பெருசாக்கல்ல. உங்கட கை தூக்கின கதைய வாசிச்சுட்டு நான் அடுப்ப நூத்துட்டு வந்துதான் இத எழுதுறன்.

எனக்கு மூத்தவன் கிடைச்சது வேற மாதிரி. பிரஷர் கூடினதெண்டு ராவோட ராவா அம்புலன்ஸ்ல பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க, அங்க அந்த நேரம் நிண்ட ஒருத்தருக்கும் தமிழ் தெரியா, எனக்கு சிங்களம் தெரியா. அவங்க என்னமோ கேட்டாங்க, நான் எல்லாத்துக்கும் தலைய ஆட்டினன். "லே" "லே" எண்டு ரெண்டு மூணு தரம் சொன்னாங்க. லே எண்டா ரெத்தம் எண்டு இப்ப தெரியும், அண்டைக்குத் தெரியாது, என்னமோ இல்லையெண்டு சொல்றாங்க எண்டு நினைச்சுக்கிட்டுக் கிடந்தன். ஒரு தாள நீட்டி கையெழுத்து வைக்கச் சொன்னாங்க, வச்சன், பிறகு சிசர் பண்ணிட்டாங்க. ஏன் வெட்டினாங்க எண்டு ஒருத்தரும் சொல்லல்ல. உம்மா கேட்டதுக்கும் பதில் இல்ல. ரெண்டரை வருசமா, அவங்கட வசதிக்குத்தான் என்ன வெட்டிட்டாங்க எண்டு நினைச்சு அழுதிரிக்கன்.

ரெண்டாவது புள்ளைக்கு எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்ல பதியப் போகக்குள்ள, ஆஸ்பத்திரியில தந்த பழைய டயக்னோசிஸ் கார்ட கொண்டு போனன். அந்த டொக்டர் இருத்தி வச்சு வாசிச்சுச் சொன்னா, புள்ளைட நெஞ்சுத் துடிப்பு குறைஞ்சு போனதால அவசரமாச் செஞ்சிரிக்காங்க எண்டு. அஞ்சு நிமிசக் கதை. அத அண்டைக்கே ஒரு தமிழ் ஆளக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தா எனக்கு அந்த ரெண்டரை வருசம் மிஞ்சியிருக்கும். தமிழும் இந்த நாட்டுல அரச கரும மொழிதான், 1987ல அரசியலமைப்பத் திருத்தி எழுதினது, ஆனா நோவோட கட்டில்ல கிடக்கிறவ அத ஆருட்ட போய்ச் சொல்ற?

நீங்களும் உங்கட கார்ட எடுத்துக்கொண்டு போய் ஆரையும் வாசிக்கச் சொல்லுங்க.


பழைய ஆள்:

மகள் கோவிக்கப்படாது, நான் 4 பெத்தவள். மூண்டாவது 1990ல, நாங்க ஊர விட்டு ஓடிக் காட்டுக்கரையில இருக்கக்குள்ள பிறந்த. டொக்டரும் இல்ல, மருந்தும் இல்ல, ஊர்க் கிழவி ஒராள் வெந்நீரும் பிளேட்டும் வச்சுப் பாத்தா. இப்ப காசு ஒரு சதம் இல்லாம ரெத்தம் ஏத்திக் காப்பாத்துறாங்க. ஒரு மிஸ் எத்தின கட்டிலப் பாக்கிற? அவங்களும் மனிசர்தானே. கடவுளுக்கு நன்றி சொல்லிட்டு புள்ளையப் பாருங்க. நினைச்சுக்கிட்டு இருந்தா பாலும் வத்திரும்.


வாட்டுல நிண்டவ:

பழைய ஆள் அக்காட கதையில உண்மை இரிக்கு, ஆள் காணாதுதான். ஆனா ஆள் காணாதது வேற, ரெண்டு தரம் சொல்லி, மூணாம் தரம் கையையும் தூக்கிக் காட்டினவளத் திரும்பிப் பாக்காதது வேற. நான் மிட்வைஃபா 27 வருசம் வேலை செஞ்சு பென்சன்ல வந்தவள், வாட்டுலயும் நிண்டிரிக்கன் ஊருக்குள்ளயும் சைக்கிள்ல திரிஞ்சிரிக்கன், அதால கொஞ்சம் விரிவாச் சொல்றன்.

மகள், நீங்க சொன்னதெல்லாம் சரியான அடையாளம். புள்ள கிடைச்ச பிறகு 500 மில்லிக்கு மேல ரெத்தம் போனாலே அது கூடுதலான போக்கு எண்டுதான் எடுக்கிற. அது கூடுதலா வாறது வகுறு இறுகாததால. புள்ளையும் கொடியும் வெளிய வந்த உடன கர்ப்பப்பை கல்லு மாதிரி இறுகணும், இறுகினாத்தான் உள்ளுக்குத் திறந்து கிடக்கிற ரெத்தக் குழாயெல்லாம் மூடும். உங்களுக்கு மாதிரி பகல் முழுக்க மருந்து ஏத்தி நோ வர வச்சா அது களைச்சுப் போய் இறுகாமக் கிடக்கும். அதால அப்பிடிப்பட்ட தாய்மார முதல் ரெண்டு மணித்தியாலமும் கண் வைக்கணும், 15 நிமிசத்துக்கு ஒருக்கா நாடி, பிரஷர், வகுத்துல கை வச்சு இறுக்கம், கீழால போக்கு எல்லாம் பாக்கணும். எங்களுக்குப் படிப்பிச்சது அதுதான்.

பேட்ட மேலால பாத்துட்டுப் போனது பெரிய பிழை. மல்லாக்கப் படுத்திருக்கிறவளுக்கு ரெத்தம் மேல வராது, பின்னால வழிஞ்சு றப்பர் சீட்டுல முதுகுக்குக் கீழ போய்த் தேங்கும். பேட்டுல கொஞ்சம்தான் இரிக்கும். தாயச் சரிச்சுப் படுக்க வச்சு கீழ கை விட்டுப் பாக்கணும். நீங்க உங்கட கைய விட்டுப் பாத்தீங்களே, அந்த வேலைய அவ செஞ்சிருக்கணும். கொட்டாவி, குளிர், காது அடைப்பு, அதெல்லாம் ரெத்தம் இறங்கினா வாறது.

நான் ஒண்டு ஒத்துக்கொள்றன். "எல்லாருக்கும் அப்பிடித்தான்" எண்டுற சொல்ல நானும் எத்தினையோ பேருக்குச் சொல்லியிரிக்கன். ராவு ட்யூட்டியில ஒரே நேரம் ரெண்டு பேர் முக்கக்குள்ள வாயில வாற சொல் அது. சொல்லிட்டு ஒருக்காப் போய்ப் பாத்திட்டா அது ஆறுதல், பாக்காம விட்டா அது ஆபத்து. எங்கட நாட்டுல தாய் மரணம் ஒரு லட்சம் பேறுக்கு 30 அளவுக்குக் குறைஞ்சது எண்டு நாங்க பெருமையாச் சொல்றம், அந்தப் பெருமை சரிதான், அதுக்காக எத்தினையோ பேர் உழைச்சிரிக்காங்க. ஒவ்வொரு தாய் மரணத்தையும் இருந்து விசாரிக்காங்க. உங்களப் போல தப்பி வீட்ட போனவளிட்ட, என்ன நடந்தது எண்டு கேக்க ஒரு ஆள் இல்ல.

இப்ப செய்ய வேண்டியது. உங்கட ஏரியா மிட்வைஃபக் கூப்பிட்டு நடந்தத முழுக்கச் சொல்லுங்க, நித்திரை இல்லாததையும் பெட்ஷீட் தடவுறதையும் சேத்து. புள்ள கிடைச்சு ஒரு மாதத்தில 10 கேள்வியுள்ள ஒரு தாள வச்சு மனநிலை கேக்கிறது இரிக்கு, அண்டைக்கு நீங்க "பரவால்ல" எண்டு சொல்லியிருப்பீங்க, முக்கால்வாசிப் பேர் அப்பிடித்தான். இப்ப திரும்பக் கேக்கச் சொல்லலாம், தேவையெண்டா மனநலக் கிளினிக்குக்கு அனுப்புவாங்க. அங்க போறது பைத்தியத்துக்கு இல்ல. ராவையில ஏலாமப் போனா 1926 எண்டுற இலக்கத்துக்கு எடுத்துக் கதைக்கலாம்.

அடுத்த புள்ள எண்டா பயப்பட வேணாம், ஆனா மறைக்கவும் வேணாம். ஒருக்கா வந்தவங்களுக்குத் திரும்ப வாற சந்தர்ப்பம் கூட. அதால பதியக்குள்ளயே கிளினிக் கார்ட்ல எழுத வைங்க, இரும்புக் குளிசைய ஒழுங்காப் போட்டு ரெத்தத்த ஏத்தி வச்சுக்கொள்ளுங்க, விஓஜி (மகப்பேற்று விசேட டொக்டர்) இருக்கிற ஆஸ்பத்திரிக்கே போங்க, லேபர் ரூமுக்குள்ள போன உடன முதல் சொல்லா அதச் சொல்லுங்க. துணைக்கு ஆள் விடுவீங்களா எண்டு கிளினிக்லயே கேட்டு வைங்க. பிரசவத்தில தாய் விரும்பின ஒரு ஆள் பக்கத்துல நிக்கணும் எண்டு உலக சுகாதார ஸ்தாபனம் 2018லயும் எழுதி வச்சிரிக்கு, எங்கட பக்கம் சில இடத்தில பொம்பிளத் துணைய விடுறாங்க. உங்கட அம்மா உள்ள நிண்டிருந்தா அந்தக் கை தூக்கினத அவ கண்டிருப்பா.

எழுதிக் குடுக்க விரும்பினா ஆஸ்பத்திரிப் பணிப்பாளருக்கும் பிராந்திய சுகாதாரப் பணிமனைக்கும் கடிதம் போடலாம். அதுக்கும் பதில் வராட்டி மனித உரிமை ஆணைக்குழுட கந்தோர் மட்டக்களப்புலயும் இரிக்கு, கல்முனையிலயும் இரிக்கு. திகதி, நேரம், நீங்க என்ன சொன்னீங்க, அவங்க என்ன சொன்னாங்க, அவ்வளவும் மறக்க முன்னம் ஒரு கொப்பியில எழுதி வைங்க. ஆரையும் வேலையால நிப்பாட்டுறதுக்கு இல்ல, அடுத்த புள்ளைய சரிச்சுப் பாக்க வைக்கிறதுக்கு.


வெளியில நிண்ட ஆள்:

நான் ஆம்புள, கதைக்கலாமோ தெரியா. என்ட மனிசிக்கும் ரெண்டு வருசத்துக்கு முன்ன கஷ்டமான பேறு, நான் கேட்டடியில போனக் கையில வச்சுக்கொண்டு நிண்டன், உள்ள என்ன நடக்குது எண்டு ஒரு சொல் இல்ல. வீட்ட வந்து அவ ரெண்டு மூணு தரம் சொல்லத் தொடங்கினா, நான் "அதான் முடிஞ்சுதே, விடு" எண்டன். இத வாசிச்ச பிறகுதான் விளங்குது, அவ உள்ளுக்கு மிஸ்ஸிட்டக் கேட்ட அதே சொல்ல வீட்டுல என்ட வாயாலயும் கேட்டிரிக்கா எண்டு. ராவு அவவிட்ட "சொல்லு, கேக்கன்" எண்டன். விடிய மூணு மணி வரைக்கும் கதைச்சா. உங்கட அவருக்கு இந்தப் பக்கத்தக் காட்டுங்க.


படுவான்கரை மகள்:

எல்லாருக்கும் சேத்து எழுதுறன், 12 நாள் கழிச்சுத்தான் வர ஏலுமாப் போச்சு, மகளுக்குக் காய்ச்சல்.

மிட்வைஃப் மிஸ் வீட்ட வந்தா. கார்ட எடுத்து வாசிச்சா. அதுல 1200 மில்லி எண்டு எழுதியிரிக்காம், எனக்கு இவ்வளவு நாளும் அது என்ன எண்டு தெரியா. பழைய ஆள் அக்கா, நான் கோவிக்கல்ல, காட்டுக்கரையில நீங்க பெத்தத நினைக்க எனக்கு நெஞ்சு அடைக்குது, ஆனா உங்களுக்குப் பக்கத்தில இருந்த கிழவி உங்கட முகத்தப் பாத்துக்கொண்டு இருந்திருப்பா எண்டுதான் நினைக்கன்.

மிஸ் எல்லாத்தையும் கேட்டுட்டு "நீங்க திரும்பத் திரும்பச் சொன்னது சரி, அவங்க பாத்திருக்கணும்" எண்டா. நான் குசினிக்குள்ள போய் நிண்டு அழுதன். மாமி பின்னால வந்து ஒண்டும் சொல்லாம தேத்தண்ணி ஊத்தித் தந்தா. கடிதம் எழுதத் தொடங்கியிரிக்கன், இவர் கூட இருந்து எழுதித் தாறார், ரெண்டாம் பக்கம் வரைக்கும் வந்துட்டு.

ஒண்டு கேக்கணும். அந்தத் தரை துடைச்ச அக்காட பேர் எனக்குத் தெரியா, முகம் மட்டும்தான், இடது கையில சிவப்பு நூல் கட்டியிருந்தா. வாற கிழமை மகளத் தூக்கிக்கொண்டு போய்த் தேடிப் பாப்பம் எண்டு இரிக்கன். கையில என்ன கொண்டு போனா நல்லம்? சீலை ஒண்டு எடுத்துக் குடுத்தா வேலை இடத்தில அவவுக்கு ஏதும் பிரச்சினை வருமா?