மகன் கேம் ஆடும்போது டிவியில் படம் சுத்துது: 100 எம்பிபிஎஸ் லைனில் என்ன செய்தால் சரியாகும்?

மாடிவீடு:
நிலைமை இதுதான். 100 எம்பிபிஎஸ் ஃபைபர், கம்பெனி கொடுத்த பெட்டி வாசல் பக்கம் சுவரில். உள் அறையில் 4கே டிவி வைஃபையில். இன்னொரு அறையில் ஒரு பிஎஸ்5, ஒரு கேமிங் பிசி. சாயங்காலம் ஆனால் டிவியில் வட்டம் சுத்தும், அதே நேரம் கேம் பக்கமிருந்து "லேக் ஆவுது" என்று சத்தம். 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறினால் தீரும் என்கிறார்கள். இந்த மாதிரி வீடுகளைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பிங்பித்தன்:
பிளானை அப்புறம் பாருங்க ப்ரோ. முதலில் கணக்கு. நெட்ஃபிளிக்ஸ் 4கே-க்கு 15 எம்பிபிஎஸ் கேட்கிறது, யூடியூப் 4கே-க்கு 20. ஆன்லைன் கேம் ஆடும்போது போய் வருவது பெரும்பாலும் 1 எம்பிபிஎஸ்கூட இருக்காது. இரண்டு டிவி, இரண்டு கேம் ஒன்றாக ஓடினாலும் 50-ஐத் தாண்டாது. ஆக, கேம் ஆடுவதால் படம் நிற்பதில்லை. கேமின் அப்டேட் இறங்குவதால் நிற்கிறது. 50 ஜிபி அப்டேட் 100 எம்பிபிஎஸ் லைனில் ஒரு மணி நேரத்துக்கு மேல் முழு லைனையும் பிடித்துக்கொள்ளும். (கிளவுட் கேமிங் மட்டும் கதை வேறு. கேம் தூரத்து சர்வரில் ஓடி, படம் மட்டும் இங்கே வரும். அதுவே ஒரு வீடியோ, 1080பி-க்கு 25 எம்பிபிஎஸ் வரை இழுக்கும்.)

எதிர்ப்பக்கமும் உண்டு. டிவி படத்தைச் சில வினாடித் துண்டுகளாக வாங்கும். ஒவ்வொரு துண்டையும் லைன் கொடுக்கும் முழு வேகத்தில் இழுத்துவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். அந்த இழுப்பு நேரத்தில்தான் கேமில் பிங் (சர்வருக்குப் போய் வரும் நேரம், மில்லிசெகண்டில்) 20-லிருந்து 200-க்குத் தாவுகிறது. சராசரி வேகத்தைப் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

சோதனை: ஃபாஸ்ட் டாட் காம் திறந்து, டெஸ்ட் முடிந்ததும் கூடுதல் விவரத்தை அழுத்துங்க. லேட்டன்சி, அதாவது தாமதம், மில்லிசெகண்டில் இரண்டு எண்ணாக வரும், லைன் சும்மா இருக்கும்போது ஒன்று, சுமையோடு ஒன்று. 8-ம் 30-ம் என்றால் லைன் நல்லது. 8-ம் 250-ம் என்றால் பிரச்சினை தரவு காத்து நிற்கும் வரிசையில் இருக்கிறது, வேகத்தில் இல்லை. இதைக் கேபிளில் ஒரு தடவை, வைஃபையில் ஒரு தடவை செய்யணும். கேபிளில் நன்றாக இருந்து வைஃபையில் மோசமென்றால் பிளானை மாற்றி ஒரு பிரயோஜனமும் கிடையாது.

லைன்மேன்:
மேலே சொன்னது சரி. நான் பார்த்த வரைக்கும் பாதி வீடுகளில் பெட்டி இருக்கும் இடம்தான் வில்லன். ஃபைபர் எங்கே உள்ளே நுழைகிறதோ அங்கேயே ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அங்கிருந்து டிவிக்கு நடுவே இரண்டு 9 இன்ச் செங்கல் சுவர், ஒரு இரும்பு பீரோ. வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை அதைத் தாண்டாது. டிவி தானாக 2.4-க்கு இறங்கிவிடும், அங்கே அபார்ட்மென்ட் முழுக்கக் கூட்டம்.

லேன் கேபிள் இழுங்க. கேமிங் பிசிக்கும் பிஎஸ்5-க்கும் முதலில், டிவிக்கு அடுத்து. கேட் 5இ வகை போதும், 100 மீட்டர் வரை 1 கிகாபிட் ஓடும், வீட்டுக்குள் கேட் 6 தேவையில்லை. வாங்கும்போது ஒன்று கவனிக்கணும். மலிவாகக் கிடைப்பதில் நிறைய, செம்பு பூசிய அலுமினியம். ஒரு கம்பியை பிளேடால் லேசாகச் சுரண்டிப் பாருங்க. உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்க. நாலு தடவை வளைத்தால் கிரிம்ப் செய்த (கனெக்டரை அழுத்தி மாட்டிய) இடத்தில் முறியும்.

கிரிம்பிங் வரிசை, இரண்டு முனையிலும் ஒரே மாதிரி: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. மேலுறை கனெக்டருக்குள் நுழைந்து பிடிபடணும், வெறும் கம்பிகள் வெளியே தெரியக் கூடாது. முடித்ததும் பிசியில் லிங்க் ஸ்பீட் பாருங்க. 1000 வரவேண்டிய இடத்தில் 100 வந்தால் பெரும்பாலும் நீல ஜோடியோ பழுப்பு ஜோடியோ பிடிக்கவில்லை. 100-க்கு ஆரஞ்சும் பச்சையும் போதும், அதனால் நெட் ஓடும், யாருக்கும் சந்தேகம் வராது. பெட்டியில் சில போர்ட் 100 மட்டும் கொடுப்பவையாகவும் இருக்கும், கேபிளைக் குறை சொல்லுமுன் வேறு போர்ட்டில் செருகிப் பாருங்க.

230 வோல்ட் ஒயர் போகும் பைப்பிலேயே லேன் கேபிளைத் திணிக்காதீங்க. தனி கேசிங்.

டிவியின் லேன் போர்ட் பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ்தான். "வைஃபையில் 180 வருது, கேபிளில் 93தான் வருது" என்று கேபிளைப் பிடுங்கிவிடுவார்கள். 4கே-க்கு 25 போதும், 93 சீராக வருவதே மேல்.

மாடிவீடு:
வாடகை வீடு, துளை போட முடியாது. கரண்ட் ஒயர் வழியாகவே நெட் அனுப்பும் பவர்லைன் அடாப்டர் சரிவருமா?

லைன்மேன்:
த்ரீ-ஃபேஸ் கனெக்ஷன் உள்ள வீட்டில் இரண்டு அறையும் ஒரே ஃபேஸில் இருந்தால் ஓடும், இல்லையென்றால் படுத்துவிடும். இன்வெர்ட்டர், மலிவு எல்இடி டிரைவர் எல்லாம் இரைச்சல் கொடுக்கும். ஸ்பைக் பஸ்டரில் செருகினால் இன்னும் மோசம், நேராகச் சுவர் சாக்கெட்டில் செருகணும். திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையில் மட்டும் வாங்குங்க. அதைவிட, சுவரும் தரையும் சேரும் ஸ்கர்ட்டிங் ஓரமாகத் தட்டையான லேன் கேபிளை ஒட்டிக்கொண்டு போவது நம்பகமானது.

கேக்பிரியர்:
வரிசைப் பிரச்சினைக்கு வருவோம். பெட்டிக்குள் ஒரு பஃபர் இருக்கிறது, வெளியே போகும் தரவு காத்து நிற்கும் இடம். அப்லோட் 10 எம்பிபிஎஸ், பஃபர் 1 எம்பி என்று வையுங்க. அது நிரம்பிவிட்டால் கடைசியில் நிற்கும் கேம் பாக்கெட் (சின்னத் தரவுத் துண்டு) வெளியேற 800 மில்லிசெகண்ட். ஒரு போன் கூகுள் போட்டோஸ் பேக்கப்பை ஆரம்பித்தாலே போதும். டவுன்லோடும் அதோடு சேர்ந்து தடுமாறும், ஏனென்றால் "வந்து சேர்ந்தது" என்று டிவி அனுப்பும் பதிலும் அதே வரிசையில் நிற்கிறது. இதுதான் பஃபர்புளோட்.

மருந்து எஸ்கியூஎம், அதாவது வரிசையை ரவுட்டரே நிர்வகிப்பது. ஓப்பன்-டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருள் ஓடும் ரவுட்டர் வேண்டும், கம்பெனிப் பெட்டியில் இது வராது. பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலை செய்யாமல் லைனை மட்டும் கடத்தும்படி) மாற்றச் சொல்லி, லைனில் லாகின் ஆகும் பிபிபிஓஇ யூசர்நேமும் பாஸ்வேர்டும் கேட்டு வாங்கிச் சொந்த ரவுட்டரில் போடுங்க. பிறகு லூசி-ஆப்-எஸ்கியூஎம் பேக்கேஜ். இன்டர்ஃபேஸில் வேன் (WAN, வெளியே நெட்டுக்குப் போகும்) பக்கத்தைத் தேர்ந்தெடுக்கணும். கியூ டிசிப்ளினில் (வரிசையைப் பிரிக்கும் முறை) கேக், ஸ்கிரிப்ட் பீஸ்-ஆஃப்-கேக். வேகம், கேபிளில் அளந்ததில் 90 சதவீதம்: 100 வந்தால் 90,000 கிலோபிட். லிங்க் லேயரில் ஈதர்நெட், ஓவர்ஹெட் 44.

90 ஏன்? லைனை விடக் கொஞ்சம் குறைவாக நாமே கட்டுப்படுத்தினால்தான் வரிசை நம் ரவுட்டரில் நிற்கும், அங்கே கேக் அதை நியாயமாகப் பிரிக்கும். 100 என்றே போட்டால் வரிசை திரும்பவும் கம்பெனி பக்கம் போய்விடும், போட்டதும் வீண். 10 சதவீத வேகம் போகிறதே என்று வருத்தப்படுபவர்களுக்கு எஸ்கியூஎம் ஒத்துவராது.

"போட்டேன், மாற்றமே இல்லை" என்பவர்களிடம் அடிக்கடி இருக்கும் காரணம்: ஃபயர்வால் பக்கத்தில் ஃபுளோ ஆஃப்லோடிங் ஆன். அது பாக்கெட்டைக் குறுக்கு வழியில் அனுப்பிவிடும், எஸ்கியூஎம் பார்க்காமலே போகும். அணைக்கணும். அணைத்தால் எல்லா வேலையும் சிபியூ தலையில் விழும். 100 எம்பிபிஎஸ்-ஐச் சின்ன ரவுட்டரே தாங்கும், 300-க்கு மேல் போனால் வலுவான சிபியூ வேண்டும். பெரிய பிளானுக்கு மாறுவதில் இந்தச் செலவும் ஒளிந்திருக்கிறது.

5ஜி வழியாக வரும் ஏர்ஃபைபர் வகை லைனில் வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும், நிலையான எண் போட முடியாது. அதற்கு கேக்-ஆட்டோரேட் என்று தனி ஸ்கிரிப்ட் இருக்கிறது.

பிங்பித்தன்:
ரவுட்டர் மாற்ற மனமில்லை என்றால் இன்றைக்கே செய்யக்கூடியது. பிசி கேம் ஆப்பான ஸ்டீமில் செட்டிங்ஸ், டவுன்லோட்ஸ் போய் வேக வரம்பு போடுங்க. அங்கே கேட்பது கிலோபைட். 5000 என்று போட்டால் 40 எம்பிபிஎஸ். எட்டால் வகுக்க மறந்து 40,000 போட்டுவிட்டு "வேலை செய்யலை" என்பார்கள். அங்கேயே ஆட்டோ அப்டேட்டை இரவு 2 மணிக்கு மேல் நகர்த்தலாம். பிஎஸ்5-இல் வேக வரம்பே கிடையாது. ராத்திரி ரெஸ்ட் மோடில் விட்டு அப்டேட் இறங்க வைக்கணும், இல்லையென்றால் ரவுட்டரில் அந்த ஒரு சாதனத்துக்கு மட்டும் பேண்ட்வித் கட்டுப்பாடு.

டிஎன்எஸ் மாற்றினால் பிங் குறையும் என்பது சும்மா. முகவரி தேடும் நேரம் குறையும், கேம் சர்வருக்குப் போகும் பாதை அதேதான்.

லைன்மேன்:
வைஃபையிலேயே இருக்கவேண்டி வந்தால்: 2.4-க்கும் 5-க்கும் தனித்தனிப் பெயர் வையுங்க, 5 எட்டுகிற இடமென்றால் டிவியை அதில் மட்டும் சேருங்க. 2.4-இல் சேனல் 1, 6, 11 மூன்றில் காலியானது, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 40 போட்டால் பக்கத்து வீட்டோடு மோதும். 5-இல் 80 போதும். பழைய போன், சிசிடிவி கேமரா, ஸ்மார்ட் பல்பு எல்லாம் 2.4-க்குத் தள்ளிவிடுங்க. மெதுவான ஒரு சாதனம் பேசி முடிக்கும் வரை அதே சேனலில் இருக்கும் மற்றதெல்லாம் காத்திருக்கணும். ரிப்பீட்டர் வாங்காதீங்க, ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகும், கேமுக்குத் தாமதமும் கூடும். மெஷ் (ஒரே வைஃபையாகச் சேர்ந்து ஓடும் பெட்டிகள்) வாங்கினால் இரண்டு பெட்டிக்கும் நடுவே கேபிள் போடமுடிகிற இடமாகப் பாருங்க.

கேக்பிரியர்:
மாடிவீடு, கேபிள் சோதனையில் வரும் இரண்டு எண்ணையும், வைஃபையில் வரும் இரண்டையும் இங்கே போடுங்க. சாயங்காலம் 8-லிருந்து 10-க்குள் எடுத்ததாக இருக்கட்டும். காலை 6 மணிக்கு எடுத்தால் எல்லா லைனும் நல்ல லைன்தான்.